டிராஃபல்கர் கடற்போர் சதுரங்கத் தொகுப்பு: செய்யக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: 1805-ல் பிரிட்டிஷ் கடற்படைக்கும் பிரெஞ்சு-ஸ்பானியக் கூட்டுக் கடற்படைக்கும் நடந்த டிராஃபல்கர் கடற்போரைக் கருவாக வைத்து, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெண்கலம் என்று கையால் செய்த சதுரங்கத் தொகுப்பு ஒன்றைச் செய்யக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஓக் மரப் பெட்டியும் சேர்த்துத் தருகிறார்களாம். பெரிய தொகை. இது அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தானா, விளையாடவும் முடியுமா? முன்பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: விளையாட முடியும். காய்களை முதலில் மெழுகில் செய்து, பிறகுதான் உலோகத்தில் வார்ப்பார்கள். ஆனால் அதற்கான முடிவுகள் எல்லாம் காய்கள் மெழுகில் இருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். உலோகத்தில் இறங்கிய பிறகு தேய்க்கலாம், மெருகேற்றலாம், நிறமேற்றலாம். உருவத்தை மாற்ற முடியாது. அதனால் உங்கள் பணத்தில் பெரும்பங்கும் உங்கள் கவனத்தில் பெரும்பங்கும் மாதிரி உருவங்களுக்குப் போக வேண்டும்.

இந்தப் போருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரு தரப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாட்டர்லூ தொகுப்பில் சிவப்பு அங்கி ஒரு பக்கம், நீல அங்கி மறுபக்கம் என்று பிரித்துவிடலாம். டிராஃபல்கரில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படை அதிகாரிகள் மூவருமே கருநீல மேலங்கிக்காரர்கள்; மூவரும் இருமுனைத் தொப்பிக்காரர்கள். உண்மைக்கு நெருக்கமாக வண்ணம் தீட்டத் தீட்ட, பலகையில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும். வண்ணம் தீட்டாமல் வெள்ளி, வெண்கலம் என்று உலோகத்தாலேயே பிரிப்பது இங்கே சரியான வழி. நீங்கள் தேர்ந்ததை மாற்ற வேண்டாம். வண்ணத்துக்கு எதிராக இன்னொரு காரணமும் உண்டு. காயை எப்போதும் தலையைப் பிடித்துத்தான் தூக்குகிறோம். அதனால் தொப்பியின் விளிம்பில்தான் வண்ணம் முதலில் உரியும்.

அடுத்தது நிழலுருவம். ராஜா, ராணி, மந்திரி மூன்றும் தொப்பி வைத்து நிற்கும் ஆண்களாக இருந்தால், ஆட்டத்தின் நடுவில் எது எது என்று குழம்பும். மெழுகு மாதிரிகளைச் சன்னலுக்கு முன் நிறுத்தி, ஒளி பின்னாலிருந்து வரும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் கருநிழலைப் பார்த்து ஆறு வகைக் காய்களையும் தயங்காமல் சொல்ல முடிந்தால் மட்டுமே ஒப்புதல் கொடுங்கள். இந்த ஒரு படம் அழகழகான நூறு கணினி வரைபடங்களைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இனி, யார் எந்தக் காய். சந்தையில் நெப்போலியனையும் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜையும் ராஜாக்களாக வைத்த தொகுப்புகள் உண்டு. இருவருமே அந்தப் போரில் இல்லை. போர் நடந்த 1805 அக்டோபர் 21-க்கு முந்தைய நாள்தான் உல்ம் நகரில் ஆஸ்திரியப் படை நெப்போலியனிடம் சரணடைந்தது. அவர் கடலை விட்டு வெகுதூரத்தில், ஜெர்மன் மண்ணில் இருந்தார். பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் காதலி எம்மா ஹாமில்டனையும் நெப்போலியனின் மனைவி ஜோசஃபினையும் ராணிகளாக வைப்பதும் இதே ரகம்தான். முழு நெப்போலியப் போர்க்காலத்துக்கான தொகுப்பு என்றால் சரி. டிராஃபல்கர் என்று பெயர் போட்டுவிட்டால் கடலில் இருந்தவர்கள்தான் பலகையில் நிற்க வேண்டும்.

என் பரிந்துரை இது. ராஜா: நெல்சன், எதிரில் பிரெஞ்சுத் தளபதி வில்நவ். ராணி: காலிங்வுட், எதிரில் ஸ்பானியத் தளபதி கிராவினா. காலிங்வுட் அன்று இரண்டாவது அணிவரிசையை நடத்தி, தன் ராயல் சாவரின் கப்பலோடு எதிரி வரிசையை முதலில் பிளந்தவர். பலகையில் வேகமும் வீச்சும் மிகுந்த காய்க்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. மந்திரிகள்: நெல்சன் இருந்த விக்டரி கப்பலின் தலைவர் ஹார்டி, டெமரேர் கப்பலின் ஹார்வி, எதிர்ப்பக்கம் ரெடூட்டாப்ளின் லூக்கா, சான் ஹுவான் நெப்போமுசேனோவின் சுருக்கா. நெல்சனை வீழ்த்திய குண்டு ரெடூட்டாப்ளின் பாய்மர மேடையிலிருந்துதான் வந்தது. சுருக்கா தன் தளத்திலேயே உயிர்விட்டார். மந்திரிகள் நால்வர் கையிலும் மார்புக்குக் குறுக்கே சாய்த்துப் பிடித்த தொலைநோக்கி இருக்கட்டும். குறுக்காக நகரும் காய்க்குக் குறுக்கான கோடு. கண் உடனே பிடித்துக்கொள்ளும். ராஜாவுக்கு மட்டும் தளபதிக் கொடி ஏந்திய குட்டைக் கம்பம் ஒன்று கொடுத்தால் உயரமும் கிடைக்கும், அடையாளமும் கிடைக்கும். ஹார்டி நெல்சனைவிடக் கணிசமாக உயரமானவர் என்பதால் இந்தக் கம்பம் அவசியமே. நெல்சனின் உடலை நீட்ட வேண்டாம். காலடி மேடையைச் சற்று உயர்த்தினால் போதும்.

நெல்சன் உருவத்தில் மூன்றைச் சரிபாருங்கள். அவர் 1797-ல் டெனெரீஃபில் இழந்தது வலக்கை. வலது சட்டைக்கை மடித்து மார்பில் குத்தப்பட்டிருக்க வேண்டும். நான்கு விருது நட்சத்திரங்களும் இடது மார்பில் இருக்க வேண்டும். கணினியில் உருவத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் இவை இரண்டும் சேர்ந்தே இடம் மாறிவிடும், அதனால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியாது. அவருடைய ஓவியம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, கண்பட்டை. 1794-ல் கால்வியில் வலக்கண் பார்வை போனது உண்மை. ஆனால் அவர் கருப்புக் கண்பட்டை அணிந்ததில்லை. பட்டை கட்டிய நெல்சனை யாராவது காட்டினால், சிற்பி எந்த ஓவியத்தையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சிப்பாய்களில் பலரும் செய்யும் தவறு, எட்டுப் பேருக்கும் ஒரே சீருடை மாட்டி மாலுமிகளாக நிறுத்துவது. பிரிட்டிஷ் கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கு அதிகாரபூர்வச் சீருடை வந்ததே 1857-ல்தான். மாலுமி வேண்டுமென்றால் தலையில் துணி கட்டி, வெறுங்காலோடு, பீரங்கிக்குத் திணிகோல் பிடித்து மண்டியிட்ட உருவம் பொருத்தம். தாழ்ந்த, அகன்ற அமைப்பு சிப்பாய்க்கு நல்லதும்கூட. சீருடைதான் வேண்டுமென்றால் வட்டத் தொப்பி வைத்த ராயல் மரீன் வீரனை, அதாவது பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த படைவீரனை, வைக்கலாம். எதிர்ப்பக்கம் பிரெஞ்சுக் காலாள் என்றால் உருளை வடிவ ஷாக்கோ தொப்பி வேண்டாம். அவர்களின் வரிசைக் காலாட்படை அதற்கு மாறியது 1806-ல்தான்.

கப்பல்கள் யானை, குதிரை இரண்டுக்கும் போகட்டும். குதிரைக்கு ஃபிரிகேட் என்னும் சிறிய, வேகமான போர்க்கப்பல். அணிவரிசையில் நில்லாமல் வெளியே நின்று வேவு பார்த்த, சமிக்ஞை கடத்திய கப்பல்கள் அவை. மற்றக் காய்களைப் போல நகராத காய்க்கு இது அருமையாகப் பொருந்தும். பிரிட்டிஷ் பக்கம் யூரியாலஸ், சிரியஸ். எதிரில் ஓர்தான்ஸ், ரைன். அணியம் மட்டும், அதாவது கப்பலின் முன்முகம் மட்டும், அலையிலிருந்து எழும்பி முன்னோக்கிச் சாய்ந்தபடி செய்யச் சொல்லுங்கள். குதிரைக் கழுத்தின் வளைவு தானாக வந்துவிடும்.

யானைக்கு முழுக் கப்பல் மாதிரி வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். கணக்கைப் பாருங்கள். விக்டரியின் பீரங்கித் தள நீளம் 186 அடி, ஏறத்தாழ 57 மீட்டர். 1:1200 அளவில் சுருக்கினால் 47 மில்லிமீட்டர். 57 மில்லிமீட்டர் கட்டத்தில் உடல் அடங்கிவிடும்; முன்னால் நீளும் முகமரம் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும். பாயைத் தாங்கும் குறுக்குப் பருமல்கள் அந்த அளவில் அரை மில்லிமீட்டர் பருமனுக்கு வந்துவிடும். வெள்ளியில் அப்படிப்பட்ட கம்பி சில ஆட்டங்களுக்குள் வளையும், பிறகு ஒடியும். அதைத் தவிர்க்க இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக்கினால் கப்பல் வேலி போலத் தெரியும். நல்ல தீர்வு அமரம், கப்பலின் பின்முகம். அடுக்கடுக்கான சன்னல்கள், மேலே விளக்குகள், நிமிர்ந்த செவ்வக உருவம். கோட்டை வடிவக் காய்க்கு இதைவிடப் பொருத்தமான நிழலுருவம் இல்லை, கைக்கும் கெட்டியாகப் பிடிபடும். பிரிட்டிஷ் பக்கம் விக்டரி, ராயல் சாவரின். எதிரில் வில்நவின் பூசென்தோர், அன்றைய மிகப் பெரிய போர்க்கப்பலான நான்கு தளச் சாந்திசிமா திரினிதாத். விக்டரியின் பின்புறத்தில் திறந்த மாடங்களைச் செதுக்கியிருந்தால் அது 1765-ன் கப்பல். போருக்கு முன் செய்த பெரும் பழுதுபார்ப்பில் அவை மூடப்பட்டு, பின்முகம் தட்டையாக்கப்பட்டது.

அளவுகளுக்கு வருவோம். போட்டிகளுக்குப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பரிந்துரைக்கும் ராஜா உயரம் 9.5 சென்டிமீட்டர், அடிவட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம். உருவக் காய்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம் தேவை: ராஜா 110, ராணி 100, மந்திரி 85, குதிரை 75, யானை 70, சிப்பாய் 60 மில்லிமீட்டர் என்று வைக்கலாம். ராஜாவின் அடிவட்டம் 44, கட்டம் 57. கை, வாள், கொடி எதுவும் அடிவட்டத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று எழுதியே வாங்குங்கள். நீண்டால் பக்கத்துக் காயில் இடித்துக்கொண்டே இருக்கும்.

நிலைத்து நிற்குமா என்பது எடையைப் பொறுத்ததல்ல, எடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 44 மில்லிமீட்டர் அடிவட்டத்தில் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 35 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், காய் சுமார் 32 பாகை சாயும்வரை தாங்கும். அதே மையம் 50 மில்லிமீட்டருக்கு ஏறினால் 24 பாகையிலேயே கவிழும். முழுக்க உலோகமான உருவத்தில் தோளும் தலையும் கனத்து மையம் மேலே ஏறிவிடுகிறது. அதனால் உடலைப் பொள்ளலாகவும் அடித்தட்டைத் திடமாகவும் வார்க்க வேண்டும். இதில் பணமும் மிச்சமாகும். ராஜாவின் கொள்ளளவு 40 கன சென்டிமீட்டர் என்றால், 10.4 அடர்த்தியுள்ள 92.5 சதவீத வெள்ளியில் அது ஒன்றே 400 கிராமைத் தாண்டும். ஒரு பக்கத்துப் பதினாறு காய்களும் திடமாக இருந்தால் 3 கிலோ அளவில் வந்து நிற்கும். ஆடுபவருக்கு அந்தக் கனம் சுகமில்லை.

வார்ப்பு முறை இப்படி இருக்கும். மாதிரி உருவத்திலிருந்து சிலிகோன் ரப்பர் டை (அச்சு) எடுத்து, அதில் மெழுகு ஏற்றி, மெழுகு உருக்களைத் தண்டில் பொருத்தி, குடுவையில் வைத்து, இன்வெஸ்ட்மென்ட் எனப்படும், ஜிப்சம் கலந்த வார்ப்பச்சுச் சாந்தை ஊற்றுவார்கள். வழக்கமான விகிதம் 100 பங்கு பொடிக்கு 40 பங்கு தண்ணீர். காற்றுக் குமிழ் போக வெற்றிடத்தில் வைக்க வேண்டும். பிறகு உலையில் படிப்படியாக 730 பாகை செல்சியஸ் வரை ஏற்றி மெழுகைத் துப்புரவாக எரித்து, வார்க்கும் சூட்டுக்கு இறக்கி, உருக்கிய வெள்ளியை ஊற்றுவார்கள். சூடு 750-ஐத் தாண்டினாலும், எரியாத மெழுகின் கரி மிஞ்சியிருந்தாலும், ஜிப்சம் சிதைந்து கந்தக வாயு வெளியேறும். காயின் மேல் ஊசிக்குத்துப் போன்ற துளைகளும் கருமையும் அதனால்தான் வருகின்றன.

கனமான அடித்தட்டும் மெல்லிய தொலைநோக்கியும் ஒரே வார்ப்பில் வந்தால் இன்னொரு முரண்பாடு. மெல்லிய முனை நிரம்பக் குடுவை சூடாக இருக்க வேண்டும். கனத்த பகுதி சுருங்குதுளை விழாமல் உறையக் குடுவை குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க முயல்வதைவிட, தொலைநோக்கி, வாள், கொடிக்கம்பம் மூன்றையும் தனியே செய்து துளையிட்டுச் செருகிப் பற்றவைப்பது நல்லது. பின்னாளில் ஒடிந்தாலும் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம். உலோகம் இறங்கும் தண்டு எப்போதும் அடித்தட்டின் கீழே இருக்கட்டும். முகத்திலோ முதுகிலோ வைத்தால் அந்த இடத்தை அரத்தால் அராவும்போது சிற்ப வேலை அழிந்துவிடும். மெழுகும் உலோகமும் சுருங்குவதால் முடிந்த காய் மாதிரியைவிடச் சில சதவீதம் சிறியதாக வரும். முதலில் ஒரு சிப்பாயை மட்டும் வார்த்து அளந்து, அந்த விகிதத்தில் மாதிரிகளைப் பெரிதாக்கிக்கொள்வதுதான் ஒழுங்கு.

சுவாமிமலை ஸ்தபதிகளிடம் வெண்கலப் பக்கத்தைக் கொடுக்கலாமா என்ற எண்ணம் நம்மவர்களுக்கு வரும். அடிப்படை அதே மெழுகு வார்ப்புதான். கைத்திறனில் குறைவே இல்லை. ஆனால் அங்கே மரபு ஒரு சிலைக்கு ஒரு மெழுகு, ஒரு மண் அச்சு. எட்டுச் சிப்பாய்களும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்க வேண்டுமென்றால் மெழுகு உருக்களை டையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கையில் வாங்கும்போது செய்ய வேண்டியவை. அடியில் ஒட்டிய துணியைக் கழற்றி ஒரு காயையாவது பார்க்க அனுமதி கேளுங்கள். "வார்ப்பு வெண்கலம்" என்று சொல்லி வெண்கலப் பொடி கலந்த ரெசினைக் கொடுப்பதும் உண்டு. அடியில் வெளிர் பிசினும் குமிழும் தெரியும், தட்டினால் மந்தமான ஒலி வரும், கையில் எடுத்தால் உலோகக் குளிர்ச்சி இருக்காது. வெள்ளியில் 925 முத்திரையைப் பாருங்கள். இங்கிலாந்து முத்திரை என்றால் தூய்மையைக் காட்டும் 925, சோதனை நிலையத்தின் சின்னம், தயாரிப்பாளர் முத்திரை மூன்றும் இருக்கும்; நடக்கும் சிங்கம் கூடுதலாக இருக்கலாம், கட்டாயமில்லை. அதில் நங்கூரம் இருந்தால் கடற்போருக்காகப் போட்டது என்று எண்ண வேண்டாம். அது பர்மிங்காம் சோதனை நிலையத்தின் சின்னம். பொள்ளல் வெள்ளிக்குள் பிசினோ சிமென்டோ அடைத்திருந்தால் எடைக்கு விலை பேசக் கூடாது.

"விக்டரி கப்பலின் ஓக், செம்பு சேர்த்தது" என்று கூடுதல் விலை சொல்லக்கூடும். அப்படிப் பொருள்கள் உண்மையிலேயே உண்டு. 1905 நூற்றாண்டு விழாவின்போது பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டு மாலுமிகள் சங்கம் விக்டரியின் செம்பிலும் மரத்திலும் நினைவுப் பொருள்கள் செய்து விற்றது. 1897-ல் பிளாக்பூல் கரையில் உடைந்த ஃபூட்ராயன் கப்பலின் மரமும் செம்பும் அப்படியே விற்பனைக்கு வந்தன. அதுவும் ஒருகாலத்தில் நெல்சனின் கொடிக்கப்பல்தான், ஆனால் டிராஃபல்கரில் இல்லை. எந்தக் கப்பல், எந்த ஆண்டு அகற்றிய மரம் என்ற ஆவணம் இல்லையென்றால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பலகை. 57 மில்லிமீட்டர் கட்டம் எட்டு என்றால் 456. ஓரம் 60 விட்டால் மொத்தம் 576 மில்லிமீட்டர் சதுரம். திட மரக் கட்டங்களை ஒட்டி, நாலாபுறமும் சட்டத்தைப் பசையால் இறுக்கிய பலகை கட்டாயம் வெடிக்கும். மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினாலே 456 மில்லிமீட்டர் வால்நட் குறுக்கே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை நகரும். குளிர்நாட்டுப் பட்டறையில் செய்து சென்னைக்கு வரும் பலகைக்கு அந்த மாற்றம் சாதாரணம். 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டின் இரு முகத்திலும் சம தடிப்பில் வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டச் சொல்லுங்கள். மேல்முகத்தில் மட்டும் ஒட்டினால் பலகை கிண்ணம்போல் வளையும். திட மரம்தான் வேண்டுமென்றால் சட்டம் காடியில் மிதக்க வேண்டும், ஒட்டக் கூடாது.

ஓரத்தில் வரைபடம் பொறிப்பதானால் திசையைப் பாருங்கள். எதிரணிக் கப்பல்கள் ஸ்பானியத் துறைமுகமான காதிஸை நோக்கி வடக்கே திரும்பியிருந்தன. பிரிட்டிஷ் வரிசைகள் மேற்கிலிருந்து வந்தன. ஆகவே பிரிட்டிஷ் அணி வெள்ளி என்றால் வெள்ளிப் பக்கம்தான் மேற்கு. “ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து எதிர்பார்க்கிறது” என்ற நெல்சனின் புகழ்பெற்ற சமிக்ஞைக் கொடிகளைப் பதிப்பதானால், கொடிகள் எந்தக் குறியீட்டு ஏட்டின்படி என்று கேளுங்கள். கொடிகளின் பொருள் 1803-ல் மாற்றப்பட்டது. அது தெரியாமல் பழைய கொடிகளையே வரைந்து வந்த பிழை 1908-ல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய படங்களைப் பார்த்துப் பொறித்தால் கொடிகள் வேறு எதையோ சொல்லும்.

கடைசியாக ஓக் பெட்டி. கருவுக்குப் பொருத்தம்தான், ஆனால் ஓக் மரம் அசெட்டிக் அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈயத்தை அது அரித்து வெண்பொடியாக்கும். அடித்தட்டுக்குள் எடைக்கு ஈயம் வைத்திருந்தால் சில ஆண்டுகளில் பொடி பூத்து, உப்பி, அடித் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஈயம் கலந்த பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவைக்கும் இதே கதிதான். எடைக்கு எஃகோ பித்தளையோ போடச் சொல்லுங்கள். பெட்டி ஓக்காகவே இருக்கட்டும். உள்தட்டுகளை மகோகனியில் செய்யலாம். வெள்ளிக்கு எதிரி கந்தகம். கம்பளி ஃபெல்ட்டும் ரப்பரும் அதை வெளியிட்டுக் காய்களைக் கருக்கும். உள்ளே வெள்ளிக் கருப்பைத் தடுக்கும் பருத்தித் துணியும், காயின் அடியில் மெல்லிய தோலுக்குப் பதில் பருத்தி வெல்வெட்டும் போதும். பதனிட்ட தோலிலும் கந்தகம் உண்டு. ஆக்ஸிடைஸ் செய்து மடிப்புகளில் கருமை விட்ட வெள்ளியை ரசாயனக் கரைசலில் முக்கிக் கழுவவே கூடாது. அந்தக் கருமைதான் முகத்தின் சாயலைக் காட்டுகிறது. ஒரே முக்கில் போய்விடும். மென்துணியால் மேடான இடங்களை மட்டும் துடையுங்கள்.

ஒப்பந்தத்தில் 32 அல்ல, 36 காய்கள் என்று எழுதுங்கள்: பக்கத்துக்கு ஒரு கூடுதல் ராணி, ஒரு கூடுதல் சிப்பாய். டை பட்டறையிலேயே இருக்கும்போது இந்த நான்கையும் வார்ப்பது எளிது. "குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு" என்று சொல்லி டையை அழித்த பிறகு காணாமல்போன ஒரு சிப்பாய்க்காகப் புதிதாக மாதிரி செதுக்க வேண்டியிருக்கும். பணத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள். மெழுகு மாதிரிகளின் நிழல்படத்துக்கு ஒப்புதல் தந்தபோது ஒரு பங்கு, சோதனைச் சிப்பாய் கைக்கு வந்தபோது ஒரு பங்கு, எல்லாக் காய்களையும் பலகையில் அடுக்கி எடுத்த படத்தோடு ஒவ்வொன்றின் எடையும் எழுதிய பட்டியல் வந்தபோது மீதி. ஒரே வகைக் காய்களின் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே துளையோ தடிப்பு வேறுபாடோ இருக்கிறது. அந்தக் காயைத் திருப்பி வார்த்துத் தரச் சொல்லும் உரிமையும் அதே தாளில் இருக்கட்டும்.